கம்பம் காபிக் கடையில் என் முதுகு

வியாழன், காலை 6.10. மதுரை ஆரப்பாளையத்தில் தேனிப் பேருந்தில் ஏறினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர், அறுபத்தைந்து ரூபாய். கையில் ஒரு தோள்பை. அதற்குள் இரண்டு சேலை, ஒரு எவர்சில்வர் டம்ளர், திராட்சைக் கொத்து நறுக்கும் கத்தரி, ஒரு துண்டு, ஒரு ஆம்பளைச் சட்டை. சட்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான்.

தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வோம். வெயிலுக்கும் பூச்சிமருந்துக்கும் அதுதான் மறைப்பு. கம்பம் பள்ளத்தாக்கில் காலை ஆறு மணிக்கு ரோட்டோரம் நின்றால் இப்படிப் போகிற பெண்களை நூற்றுக்கணக்கில் பார்க்கலாம். என் சட்டை செங்காவி நிறம், கட்டம் போட்டது, ராஜபாளையம் நடைபாதையில் எண்பது ரூபாய்க்கு வாங்கியது. போன வருசம் மருந்து டேங்கை முதுகில் சுமந்தபோது ஒழுகி, நடு முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் வெளுத்துவிட்டது. அடியில் இருந்த தோலும் உரிந்தது. தோல் திரும்ப வந்துவிட்டது, சாயம் வரவில்லை.

எனக்குச் சாத்தூர்ப் பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. தீப்பெட்டி ஆபீசை விட்டுக் கிளம்பி இருபத்தாறு வருசம் ஆகிறது. உப்பளம், கரும்பு, கட்டடம், ஏலத்தோட்டம் என்று வேலை இருக்கும் ஊரில் இருப்பேன். முடிந்தால் அடுத்த ஊர். இந்த முறை திராட்சை.

8.25. தேனி. கம்பம் பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. பேருந்து நிலையத்துக்கு வெளியே நடந்தேன். நான் கடைசியாக வந்தபோது செருப்புக்கடையாக இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட காபிக் கடை. விலைப்பட்டியலை வெளியிலேயே மாட்டியிருந்தார்கள். கப்புச்சினோ 110, கோல்டு காபி 130. உள்ளே முதுகுப்பையோடு இரண்டு பையன்கள், ஒரு பெண். முன்னால் கோப்பைகள், கையில் போன். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. போடிக்கு மேலே குரங்கணி மலையில் இரண்டு பருவம் காபிப் பழம் பறித்திருக்கிறேன். காலில் அட்டை, கையில் பிசின். பறித்தவர்களுக்குக் கிடைத்தது வெல்லம் போட்ட கட்டங்காப்பி. இந்தப் பிள்ளைகள் நூற்றுப்பத்து ரூபாய்க்கு நுரையை உறிஞ்சுகிறார்களே என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் ஏறினேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் அடுத்த மூன்று நாளில் அதே நினைப்பை வேறு வாய்களில் கேட்டேன்.

வீரபாண்டி தாண்டியதும் வாழைத்தோப்புகள் இரண்டு பக்கமும் வந்தன. சின்னமனூர், உத்தமபாளையம். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் இறங்கினேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அந்தப் பிள்ளையின் பெயரையும் அவள் அப்பா பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

தங்கியது பாண்டியம்மாள் வீட்டில். என்னைவிட ஆறு வயது இளையவள். புருசன் கட்டப்பனையில் டிப்பர் ஓட்டுகிறார். இவள் எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு திராட்சைத் தோட்டங்களுக்குப் போகிறாள். இரண்டு வருசத்துக்கு முன் ஏலத்தோட்டத்தில் ஒரே லயத்தில், கூலியாட்களுக்கான வரிசை வீட்டில், தங்கியிருந்த பழக்கம். என்னைச் சாத்தூரக்கா என்பாள்.

வெள்ளி, காலை 5.50. தோட்டத்துக்குப் போகும் ஜீப் வருவதற்குள் டீ குடிக்கப் போனேன். ஊர் முக்கில் ஒரே டீக்கடை. வெளியே இரண்டு பெஞ்ச், உள்ளே ஒன்று. மூன்றிலும் ஆண்கள். அவர்களுக்குக் கண்ணாடி டம்ளரில் டீ. எனக்குக் கேட்காமலேயே காகிதக் கப்பில் ஊற்றி நீட்டினார் கடைக்காரர். பத்து ரூபாய். கண்ணாடி டம்ளரில் குடித்து முடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவரை உட்கார வேண்டும். காகிதக் கப் கையோடு போய்விடும். பெண்கள் காகிதக் கப்போடு போய்விட வேண்டியவர்கள். இதை யாரும் சட்டமாகச் சொல்வதில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். நான் கப்பை வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தேன்.

சனி, மதியம் 1.40. கம்பம்மெட்டு ரோட்டில் வேலை முடிந்தது. பாண்டியம்மாளும் மற்றவர்களும் ஜீப்பில் ஊருக்குப் போனார்கள். கத்தரியின் ஸ்பிரிங் உடைந்திருந்ததால் நான் கம்பம் கடைத்தெருவில் இறங்கிக்கொண்டேன். ஸ்பிரிங் மாற்ற முப்பது ரூபாய். ஊருக்குப் போகும் டவுன் பஸ் 4.20-க்குத்தான். அந்த பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஏழு மணி நேரம் அண்ணாந்தே நின்ற கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. உட்கார வேண்டும், அவ்வளவுதான். பேருந்து நிலையத்தில் இருக்கிற கல் இருக்கைகளில் ஆட்கள் படுத்திருந்தார்கள். சுற்றிலும் ஐந்து டீக்கடை. ஐந்திலும் பெஞ்ச் நிறைய வேட்டி.

3.05. டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு காபிக் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. ஏழு மேசை. ஒரு சுவர் முழுக்க மஞ்சளும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் காகிதங்கள், வந்துபோனவர்கள் எழுதி ஒட்டியவை. கல்லாவில் இருந்தவர் என் சட்டையையும் தலைத்துண்டையும் பார்த்துவிட்டு, "பார்சலா?" என்றார்.

உட்கார்ந்து குடிக்கணும் என்றேன். மேசை காலியில்லை என்றார். அது உண்மைதான். அப்போது கண்ணாடியோரத்து மேசையில் இருந்து ஒரு பிள்ளை, "அக்கா, இங்கன வாங்க, இடம் இருக்கு" என்று கூப்பிட்டாள்.

பள்ளிச் சீருடையில் மூன்று பேர். பன்னிரண்டாம் வகுப்பு. கூப்பிட்டவளை யாழினி என்று வைத்துக்கொள்வோம். அவள் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மற்ற இருவரும் பக்கவாட்டில். எனக்குக் கிடைத்தது யாழினிக்கு எதிர் நாற்காலி. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பில்டர் காபி சொன்னேன், அறுபது ரூபாய். மூன்று பேருக்கும் நடுவில் ஒரே ஒரு கோல்டு காபி, மூன்று உறிஞ்சுகுழல். அதைப் பாதிதான் குடித்திருந்தார்கள். மேசையெல்லாம் இயற்பியல் ரெக்கார்டு நோட்டு. திங்கள்கிழமை காலை ஒன்பதரைக்குச் செய்முறைத் தேர்வு. சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இரண்டரைக்கு முடிகிறது, பஸ் 4.20-க்கு. அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் இந்தக் கடை.

முன்னால் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் என்றாள். நின்றுகொண்டேதான். பைக்கில் மூன்று பேர் மூன்று பேராக வந்து வட்டம் போடுவார்களாம். நகர்ந்தால் நகர்ந்த இடத்துக்கு வருவார்களாம்.

"இங்கன கதவு இருக்கு, கேமரா இருக்கு. வெளிய இருந்து பாத்தா எல்லாம் தெரியிற கண்ணாடி. இதவிடப் பத்தரமான இடம் இந்தக் கம்பத்துல இருக்காக்கா?" என்றாள். "எங்கப்பா கேட்டா இதத்தான் சொல்லணும்னு வச்சிருக்கேன்."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"கேட்டாத்தான சொல்லணும்."

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாழினிக்கு எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு படிக்க ஆசை. என் கணுக்காலைப் பார்த்து, இதைப் படம் எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள். எலும்பு உடைந்தால் நடக்க முடியாது, நடக்கிறேன், ஆகவே உடையவில்லை என்றேன். அப்படிக் கிடையாது, கீறல் இருந்தாலும் நடக்கலாம் என்று சண்டை பிடித்தாள். கிளம்பும் முன் ஒரு மஞ்சள் காகிதத்தை என்னிடம் கொடுத்து, சுவரில் ஒட்ட ஏதாவது எழுதச் சொன்னாள். 'இன்று இங்கே உட்கார்ந்தேன்' என்று எழுதி ஒட்டினேன். நல்ல காபி. அதையும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை தேனியில் வந்த எரிச்சல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் போய்விட்டது. இந்தப் பிள்ளைகள் காபிக்கு விலை கொடுக்கவில்லை, நாற்காலிக்குக் கொடுக்கிறார்கள்.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோது வெளியே இரண்டு மூன்று பஸ் வந்து நின்று போயின. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு, காலை 7.30. வேலை இல்லை. சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். பாண்டியம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படம். பஸ் ஜன்னலில் இருந்து எடுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மேசை, மூன்று பிள்ளைகள். ஒருத்தி முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அவளுக்கு எதிரே செங்காவிக் கட்டச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய ஒரு முதுகு. முதுகின் நடுவில் வெளுத்த திட்டு. மேசை மறைத்ததால் இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. மேலே எழுதியிருந்தது: 'நம்ம ஊர்ப் பிள்ளை கம்பத்தில் என்ன படிக்குதுன்னு பாருங்க.'

"ஈஸ்வரன் மகளாம்க்கா. எவனோ வெளியூர்க்காரன் கூட இருந்திருக்கா. லோடுமேன்ங்கறாக, மலையாளத்தான்ங்கறாக. ராத்திரியெல்லாம் அந்த வீட்டுல ஒரே சத்தம். போனப் பிடுங்கிட்டாக. பன்னெண்டு மணி பஸ்ஸுல வருசநாட்டுக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பப் போறாக. பரீச்ச கிரீச்ச ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டாராம்."

"பாண்டி, அது என் முதுகு."

படத்தைப் பார்த்தாள். கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு நிறுத்திவிட்டாள்.

"போய்ச் சொல்லப் போறியாக்கா?"

"பின்ன?"

"சொல்லு. சொல்லிட்டு நீ பஸ் ஏறிருவ. நான் இங்கனதான் இருக்கணும்" என்றாள். தோட்டக்காரர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து, கொடியில் இருந்து சட்டையை அவளே எடுத்து வந்தாள். ஈரமாக இருந்தது. அப்படியே போட்டுக்கொண்டேன். துண்டையும் கட்டிக்கொண்டேன்.

8.10. டீக்கடை. ஒன்பது பேர் இருந்தார்கள். படத்தைப் போட்டவர் தவமணி, வாழைத்தார் வியாபாரி என்று பாண்டியம்மாள் அடையாளம் சொல்லியிருந்தாள். அவர் வெளி பெஞ்சில் போனோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் அப்பா ஈஸ்வரன் உள்ளே சுவரோரம் யாரையும் பார்க்காமல் இருந்தார். சொட்டுநீர்க் குழாய் போடும் வேலை. இவர் அவமானத்தில் வீட்டில் அடைந்து கிடப்பார் என்று நினைத்துப் போனேன். மகள் வீட்டில் அடைந்து கிடந்தாள், அவர் பெஞ்சில்தான் இருந்தார்.

எதிர் பெஞ்சில் ஓரமாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். 

கடைக்காரர் கப்பை எடுத்துக்கொண்டே, "ஏத்தா, அங்கன ஆளுக உக்காருவாக. தள்ளி நின்னுக்க, பார்சல் தாரேன்" என்றார்.

"நானும் ஆளுதான். டம்ளர்ல குடுங்க" என்றேன். அவர் எதையும் கொடுக்கவில்லை. நான் தவமணியைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணே, நேத்துப் போட்ட படத்தப் போன்ல எடுங்க."

எதற்கு என்று கேட்டார். எடுங்கள், சொல்கிறேன் என்றேன். எடுத்தார். நான் பெஞ்சிலேயே சுற்றி உட்கார்ந்து அவர்களுக்கு முதுகைக் காட்டினேன். எதிரே சுவரில் பழைய சர்க்கஸ் நோட்டீஸ் ஒன்று பாதி கிழிந்து இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இப்பச் சொல்லுங்க. நீங்க பாத்த ஆம்பள இவன்தானா?" என்று கேட்டேன்.

போனையும் என் முதுகையும் மாறி மாறிப் பார்த்திருப்பார்கள். பிறகு ஒரு வாலிபக் குரல், "ஏலே, ஆமாலே, அந்த வெள்ளத் திட்டப் பாரு" என்றது. ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். இருமல் வரும் அளவுக்கு ஒருவர். நான் திரும்பி உட்கார்ந்தேன். தவமணியும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுல இருந்து பாக்கையில ஆம்பள மாதிரித்தானத்தா தெரிஞ்சுச்சு. கூலிக்குப் போற பொம்பள அந்தக் கடைக்குள்ள போயி உக்காருவான்னு எவன் நெனப்பான்?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் பெண்டாட்டி இதே போல் சட்டை போட்டுத் துண்டு கட்டித்தான் களை வெட்டப் போகிறாள். தினமும் காலையில் அவர் கண் முன்னால்தான் ஜீப்பில் ஏறுகிறாள். பந்தலுக்கு அடியில் இதே முதுகைப் பார்த்தால் யார் பெண்டாட்டி என்று பேரோடு சொல்லிவிடுவார். நாற்காலியில் பார்த்தபோது மட்டும் ஆம்பளையாகிவிட்டது. குனிந்து நின்றால் பெண், சாய்ந்து உட்கார்ந்தால் ஆண். இதை அவரிடம் சொன்னேன்.

"அது தோட்டம், இது கடை" என்றார்.

படத்தைக் குழுவில் இருந்து நீக்கச் சொன்னேன். ராத்திரியே அழித்துவிட்டேனே என்றார். அழித்துத்தான் இருந்தார். ஆனால் அதற்குள் எல்லோரும் தங்கள் போனில் சேமித்துவிட்டார்கள். பாண்டியம்மாள் எனக்குக் காட்டியதும் அப்படி வந்ததுதான். அழித்தால் போதாது, தப்பாகப் போட்டுவிட்டேன் என்று குழுவில் குரல் பதிவாகச் சொல்லுங்கள் என்றேன். முடியாது என்றார். சரி, நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன் என்றேன். கோபத்தில் சொன்னதுதான், வேறு ஆயுதம் என்னிடம் இல்லை. ஆனால் அது வேலை செய்தது. ஒரு கூலிக்காரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் முள் குத்தியது போல இருந்தது. கால் மணி நேரம் பொறுத்தார்கள். கடைசியில் கடைக்காரரே, "சொல்லி அனுப்புப்பா, ஏவாரம் கெடுது" என்றார். தவமணி போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

"நேத்துப் படத்துல இருந்தது ஆம்பள இல்லையாம். திராச்சத் தோட்டத்துக் கூலிக்காரப் பொம்பளையாம். எல்லாரும் விட்ருங்க."

மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. பதில்கள் உடனே வந்தன. வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். நாலாவதோ ஐந்தாவதோ ஒரு குரல், யாருடையது என்று எனக்குத் தெரியாது: "பொம்பளையா இருந்தா மட்டும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அங்கன என்ன வேல?" அதன் பிறகு சிரிப்புப் பொம்மைகள் நின்று, கட்டைவிரல்கள் வரத் தொடங்கின.

அப்போதுதான் ஈஸ்வரன் எழுந்து வெளியே வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"நீ பொம்பளதான். ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் படம் எத்தன பேரு போன்ல இருக்குன்னு உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு வீடா வந்து முதுகக் காட்டுவியா?"

"காட்டுறேன். வாங்க, போவோம்."

அவர் நகரவில்லை. பன்னிரண்டு வருசம் படிக்க வைத்ததைப் பற்றிப் பேசினேன். ஒரு பாடத்துச் செய்முறைக்குப் போகாவிட்டால் பன்னிரண்டும் போச்சு என்றேன். எனக்கு எட்டாவதோடு என்ன ஆனது என்றும் சொன்னேன். சொன்னதைக் கேட்டாரா என்று தெரியாது. டம்ளரைக் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வருசநாட்டுக்கு அனுப்பல. பரீச்ச எழுதட்டும். நானே வண்டியில கூட்டிப் போயிக் கூட்டி வாரேன். இனிமே டவுன் பஸ்ஸும் கெடையாது, கிளாஸ் முடிஞ்சு நிக்கிறதும் கெடையாது. வெளியூர்க்காரி நீ சொன்னதுக்காகத்தான் இம்புட்டும்."

பெரிய மனசு பண்ணிவிட்டார் என்று பெஞ்சில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

மாலை 5 மணி. குழாயடியில் யாழினியைப் பார்த்தேன். பின்னால் அவள் அம்மா நின்றிருந்தார். அருகில் போய், நாளைக்குப் பரீட்சைக்குப் போகிறாயாமே என்றேன். நல்ல செய்தி கொண்டுவந்தவள் போலத்தான் சொல்லியிருப்பேன். குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அழுத முகம் இல்லை. அழுது முடித்து, காய்ந்து போயிருந்தது.

"நீங்க பொம்பளன்னு தெரிஞ்சதாலதான் விட்டாகளாம். நீங்க ஆம்பளையாவே இருந்திருந்தாலும் நான் என்னக்கா பண்ணேன்? கால் வலிக்குதுன்னு வந்தவுகளுக்கு இடம் குடுத்தேன்."

காலையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து முதுகைக் காட்டியபோது பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைத்திருந்தேன். ஆண் இல்லை, ஆகவே குற்றம் இல்லை என்று அவர்கள் கணக்கையே நானும் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியைப் பெஞ்சில் நான்தான் கேட்டிருக்க வேண்டும். அம்மா கூப்பிட்டார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கள், காலை 5.45. ஜீப் வந்தது. பாண்டியம்மாள் ஏறாமல் என்னிடம் வந்து, தோட்டக்காரர் ராத்திரி போன் செய்ததாகச் சொன்னாள். வெளியூர் ஆள் வேண்டாம் என்றாராம். இரண்டு நாள் கூலியை அவள் முந்தானை முடிச்சில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். இருபத்தாறு வருசமாக ஊர் ஊராக இப்படிப் போகச் சொல்லிக் கேட்டுப் பழகியதால் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஆள் தேவை என்று ஒருத்தி சொல்லியிருந்தாள், அங்கே போகலாம். பாண்டியம்மாளால்தான் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சட்டைய மாத்திக்கக்கா. அடுத்த ஊர்லயாச்சும்" என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. மாட்டேன் என்றேன்.

11.15. கம்பம். குமுளிப் பேருந்துக்கு நேரம் இருந்தது. காபிக் கடைக்குப் போனேன். கதவில் புதுக் காகிதம் ஒட்டியிருந்தது: 'பள்ளிச் சீருடையில் வருவோருக்கு அனுமதி இல்லை.' உள்ளே மஞ்சள் காகிதச் சுவரைக் காலி செய்திருந்தார்கள். பசை இருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக அழுக்கு. கல்லாக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஏன் இப்படி என்று கேட்டேன். ஊர்க்காரர்கள் போன் செய்தார்கள், எனக்கு எதற்கு வம்பு, ஏசிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன் என்றார். பாவமாகத்தான் சொன்னார். இவர் கெட்டவர் இல்லை. தவமணியும் கெட்டவர் இல்லை, ஈஸ்வரனும் இல்லை. ஒருத்தரும் கெட்டவர் இல்லாமல் இவ்வளவும் நடந்துவிடுகிறது. மூன்று மேசையில் ஆண்கள் உட்கார்ந்து நிலப் பத்திரத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலு மேசை காலி. எனக்குக் காபி குடிக்கத் தோன்றவில்லை.

12.40. குமுளிப் பேருந்து புறப்பட்டது. கடைத்தெருவைத் தாண்டியதும் லாரி ஒன்று குறுக்கே திரும்பப் பார்த்து மாட்டிக்கொண்டதில் எல்லாம் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு நேரே பள்ளிக்கூடத்துக் கேட், எதிரே டீக்கடை. தேர்வு முடிந்த பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முதலில் ஈஸ்வரனைத்தான் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் ஏழெட்டு ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். அத்தனை பேரும் அவருக்கு வேற்றாள்கள்தான். கையில் கண்ணாடி டம்ளர். காலை ஒன்பதில் இருந்து அங்கேயே காத்திருந்திருப்பார், மூன்றரை மணி நேரம். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க, இவர் சிரித்துப் பதில் சொன்னார்.

யாழினி வந்தாள். அப்பாவைப் பார்த்து, ரோட்டோரத்தில் நிறுத்தியிருந்த வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நிழல் கடைப் பக்கம் இருந்தது, வண்டி வெயிலில் இருந்தது. ஈஸ்வரன் கடைக்காரரிடம் விரலைக் காட்டினார். ஒரு காகிதக் கப் வந்தது. அதைக் கொண்டுபோய் மகள் கையில் கொடுத்தார். பரீட்சை எப்படி என்று கேட்டிருப்பார் போல, அவள் தலையசைத்தாள். அவர் கொஞ்சம் தயங்கினார். அன்பான ஆள்தான், அது தெரிந்தது. பிறகு திரும்பி வந்து தன் டம்ளரை முடிக்க உட்கார்ந்துகொண்டார். அவள் நின்றுகொண்டே குடித்தாள். வண்டியின் மேல் வைத்த ரெக்கார்டு நோட்டைக் காற்று புரட்டியது. ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பையில் இருந்து போனை எடுத்தேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது, மூவாயிரம் ரூபாய்ப் பழசு. பேருந்து ஜன்னல், நின்ற வண்டி, எதிரே பெஞ்ச். சனிக்கிழமை தவமணிக்குக் கிடைத்த அதே வாய்ப்பு. பிள்ளை படத்துக்குள் வராதபடி கையைத் தள்ளிப் பிடித்து, பெஞ்சை மட்டும் எடுத்தேன். லாரி நகர்ந்தது. பேருந்து கிளம்பியது. கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் தாண்டி, மலை ஏறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு ஆண்கள் பட்டப்பகலில் கடையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். முகமெல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. யாருடைய முகத்தை வேண்டுமானாலும் சிவப்பில் வட்டம் போடலாம். இதை எந்த ஊர்க் குழுவில் போட்டாலும், இதுல என்ன இருக்கு என்றுதான் கேட்பார்கள்.